நில அளவு எண் பதினேழு

ஓர் இரவுக்கு அறுபது வெள்ளி.
மோட்டாரின் கண்ணாடிக் காம்பில்
வெள்ளைக் குழாய்க்குள் சிறு கருவி ஒன்று.
வேகம் முப்பதைத் தாண்டக் கூடாது,
லோரிக்குப் பின்னால் போனால்
அதன் மூச்சையும் சேர்த்து அளந்துவிடும்,
தள்ளியே வா என்றான் அஸ்ரின்.
அவன் பல்கலைக்கழகம்.
நான் பெட்ரோல்.

குளுவாங். இரவு ஒன்றரை.
பஸ் ஸ்டேஷன்: இருபத்தொன்பது புள்ளி மூன்று.
பகலெல்லாம் குடித்த வெயிலைத்
தார் இப்போதுதான் ஏப்பம் விடுகிறது.
கடைகளின் பின்சந்தில்
ஏர்கோன் பெட்டிகள் வரிசையாக நின்று
உள்ளே வேண்டாததை வெளியே துப்புகின்றன.
கைப்பேசிகள் குளிரில் தூங்கும் கடையின் படியில்
நேப்பாளக் காவல்காரர்
சட்டையைக் கழற்றி விரித்துப் படுத்திருக்கிறார்.
என்னைப் பார்த்ததும் எழுந்து பொத்தான் போட்டார்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

அடுத்தது தாமான் ஸ்ரீ லாடாங்.
தோட்டத்தை அழித்துவிட்டு
பலகையில் அதன் பெயரை வைத்திருக்கிறார்கள்.
வீட்டுக்கு ஒரு மரம் என்று வரைபடத்தில் இருந்தது.
கார் நிறுத்த வெட்டி, சிமெண்டு போட்டார்கள்.
போட்டார்கள் என்ன,
போட்டோம்.
நாலாவது லோரோங்கில் மூலை வீடு என்னுடையது.
சுவரில் கை வைத்தேன்,
சோறு வடித்து இறக்கிய பானையின் பக்கம்.
இருபத்தெட்டு புள்ளி எட்டு.

பிளாட்டைச் சுற்றினேன், மசூதிச் சாலை, மரக்கிடங்கு,
மின்விளக்கு எரியும் வெறும் பள்ளித் திடல்
எல்லாம் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்க மறுத்தன.

பிறகு எண் பதினேழு.
கம்பெனி விற்க முடியாமல் விட்ட மூன்று ஏக்கர்.
வெட்டாத பழைய பால்மரங்கள்,
இடையில் சாய்ந்த சிலுவைகள், சூலங்கள்,
பெயர் உதிர்ந்த சிமெண்டு மேடைகள்.
சுடுகாடு என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்.
ஊரில்
சுடாத இடம் அது ஒன்றுதான்.
இருபத்து நான்கு புள்ளி ஆறு.

கருவி கெட்டிருக்கும் என்றான் அஸ்ரின்.
கோட்டில் சேராத புள்ளி, அழித்துவிடலாம் என்றான்.
மறுநாள் வேறு கருவி கொடுத்தான்.
இருபத்து நான்கு புள்ளி ஏழு.
இன்னொரு முறை போ,
எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திரு,
உன் மோட்டாரின் சூடும் ஆறட்டும்.

மூன்றாம் இரவு
கேட்டருகே ஒரு பழைய சாகா,
நான்கு கதவும் திறந்து.
யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.
பின்சீட்டில் ஒரு குழந்தை
கைகால்களை எறிந்துவிட்டுத் தூங்குகிறது.
முன்சீட்டில் வாயைத் திறந்தபடி அதன் அப்பா.
பானெட்டில் சாய்ந்து நின்றாள் குணசுந்தரி.
பிளாட்டில் சி பிளாக், மேல்மாடி,
கூரைக்கு நேர் கீழே.

"பயமா இல்லையா?"
"கரண்டு பில்லைவிடவா?"

என் குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.
சூட்டைக் கணக்கெடுக்கிறோம் என்றேன்.
"எடுத்து?"
மரம் நடுவார்களாம், என்றேன்.
குரலில் எனக்கே பிடிக்காத
ஒரு மஜ்லிஸ் அதிகாரி பேசினான்.
அவள் சிரிக்கவில்லை.
"இந்த இடத்தை எழுதாதீங்க அக்கா.
நல்ல இடம்னு தெரிஞ்சா
இதையும் வித்துடுவாங்க."

எழுதாவிட்டால் புள்ளியை அழித்துவிடுவான்.
எழுதினால் புள்ளி இருக்கும்.
இடம்?

பத்து நிமிடத்தில் நான்கு போயிருந்தது.
தாளில் எண் பதினேழுக்கு எதிரே
நிலத்தின் பயன் என்று ஒரு கட்டம்:
குடியிருப்பு, வணிகம், தொழில், காலி.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தலைக்கு மேலே ஏதோ சடசடத்தது.
ஊருக்கே பெயர் கொடுத்த வௌவால்கள்,
இன்னும் சில இருக்கின்றன போல.
கடித்த ஜம்புக்காய் ஒன்று
சாகாவின் கூரையில் டொக்கென்று விழுந்தது.
மூவரும் குழந்தையைப் பார்த்தோம்,
அப்பாகூட ஒரு கண்ணைத் திறந்து.

அது உதட்டைச் சப்பிக்கொண்டு
மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

எஞ்சின் இன்னும் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.